பாட்டு தனி, வீடியோ தனி: சேர்த்து ஓட்டும் அனுபவங்கள்

விழா வீடியோவில் உள்ள சினிமாப் பாட்டை நீக்கிவிட்டு, பாட்டைத் தனியாகப் பொருத்தி ஓட்டுவது எப்படி, சட்டம் என்ன சொல்கிறது என்ற கேள்விக்கு டைம்லைன், ஹெட்ஃபோன், ட்ரைபாட் என்ற புனைபெயர்களில் மூவர் தந்த பதில்கள்.

டைம்லைன்:
ரிசப்ஷன் டான்ஸ், ஆண்டு விழா வீடியோக்களில் சினிமாப் பாட்டு இருந்தால் யூடியூபின் கன்டென்ட் ஐடி (உரிமையுள்ள பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு) பிடித்துவிடும். சில பாட்டுக்கு விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போவதோடு சரி. சிலவற்றுக்கு வீடியோவே முடங்கும். அப்போது ஒலி இல்லாத வீடியோவை ஏற்றிவிட்டு, பார்ப்பவர்களைப் பாட்டைத் தனியாக ஓட்டச் சொல்வதுதான் வழி. ஒலியை நீக்க லாஸ்லெஸ்கட் என்ற வெட்டும் மென்பொருள் போதும், படத்தின் தரம் குறையாது. விசிலும் கைதட்டலும் சேர்ந்தே போய்விடும் என்பதுதான் நஷ்டம்.

வீடியோவும் பாட்டும் ஃபைலாகக் கையில் இருந்தால் விண்டோஸில் விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் மீடியா மெனு, 'ஓப்பன் மல்டிபிள் ஃபைல்ஸ்'. வீடியோவைச் சேர்த்து, 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' டிக் செய்தால் 'ப்ளே அனதர் மீடியா சிங்க்ரனஸ்லி' தெரியும். அங்கே பாட்டைக் கொடுக்கவும். ஓடும்போது ஜே அழுத்தினால் பாட்டு 50 மில்லிசெகண்ட் முந்தும், கே அழுத்தினால் அவ்வளவே பிந்தும்.

ஹெட்ஃபோன்:
உறவுக்காரர்கள் யாரும் விஎல்சி மெனுவுக்குள் போகப் போவதில்லை. டிவியில் வீடியோ, போனில் பாட்டு என்றுதான் ஓட்டுவார்கள். அவர்களுக்காக வீடியோ தொடக்கத்தில் 3, 2, 1 என்று எண் போட்டு, அடுத்து 'இப்போது அழுத்தவும்' என்று ஒரு ஃபிரேம் வையுங்கள். பாட்டு ஆப்பில் கிராஸ்ஃபேடை (ஒரு பாட்டின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் கலந்து ஒலிக்கும் வசதியை) அணைக்கச் சொல்லுங்கள். இலவசக் கணக்கு என்றால் இடையில் விளம்பரம் வந்து எல்லாம் கெடும். ப்ளூடூத் ஸ்பீக்கர் சாதாரணமாகவே 0.2 செகண்ட் அளவுக்குத் தாமதமாக ஒலிக்கும். போனின் சொந்த ஸ்பீக்கரோ வயரோ மேல்.

எந்தப் பதிப்பு என்றும் எழுதிவிடுங்கள். ஒரே பாட்டுக்கு ஆல்பம் பதிப்பு ஒரு நீளம், படத்தில் வரும் பதிப்பு வேறு நீளம். பாட்டின் பெயரோடு 4:32 என்று நீளத்தையும் போட்டால் குழப்பம் வராது.

டைம்லைன்:
தொடக்கத்தில் பொருந்தி, போகப்போக விலகினால் அது தாமதம் இல்லை, வேக வித்தியாசம். ஜே, கே எவ்வளவு தட்டினாலும் தீராது. பெரும்பாலும் டிஜே டெம்போவை, அதாவது பாட்டின் வேகத்தை, ஏற்றியிருப்பார். ஒலி நீக்காத மூல வீடியோவில் முதல் தாள அடிக்கும் கடைசித் தாள அடிக்கும் உள்ள இடைவெளியை அளக்கவும், அதே இரண்டு அடிகளை அசல் பாட்டிலும் அளக்கவும். பாட்டில் 180 செகண்ட், வீடியோவில் 176.4 என்றால் மண்டபத்தில் 2 சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது. பலர் இங்கே பாட்டை இழுக்கப் பார்க்கிறார்கள். பாட்டு பார்ப்பவரிடம் இருக்கிறது, நாம் தொட முடியாது. வீடியோவைத்தான் 98 சதவீத வேகத்துக்கு இறக்கி ஏற்ற வேண்டும்.

செகண்டுக்கு 24 ஃபிரேம் (படம்) உள்ள வீடியோ 25-ஆக வேகம் மாறியிருந்தால் 3 நிமிஷத்தில் 7.2 செகண்ட் ஓடிவிடும். போன் வீடியோ ஃபிரேம் வேகம் நிலையாக இருக்காது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' கொடுத்து மாற்றிவிட்டுத்தான் எடிட்டிங்குக்குக் கொண்டுவர வேண்டும்.

ட்ரைபாட்:
கேமரா மண்டபத்தின் கடைசியில் நின்றால் இன்னொன்று சேரும். ஒலி 14 மீட்டர் வர 40 மில்லிசெகண்ட், அதாவது 25 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேம். ஸ்பீக்கர் மேடைப் பக்கம், கேமரா 28 மீட்டர் தள்ளி என்றால், கேமரா மைக்கில் பதிந்த ஒலியோடு அலைவடிவம் (எடிட்டரில் தெரியும் ஒலியின் ஏற்ற இறக்கக் கோடு) பார்த்துப் பொருத்திய பாட்டு இரண்டு ஃபிரேம் பிந்தியிருக்கும். அவ்வளவு முந்த வைக்கவும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்குப்படி ஒலி 45 மில்லிசெகண்ட் முந்தினாலே கண்ணுக்குப் பிடிபடும், பிந்தினால் 125 வரை தெரியாது. சந்தேகம் வந்தால் பிந்தியே வையுங்கள்.

இனி, கேள்வியில் இருந்த சட்டம் பற்றி. 1957 பதிப்புரிமைச் சட்டம் 52(1)(இசட்ஏ) கல்யாண நிகழ்ச்சியில் பாட்டு போட விலக்கு தருகிறது. வீடியோவில் சேர்த்து இணையத்தில் ஏற்றுவது அதில் வராது. தனித்தனியாக ஓட்டும்போது நம் ஃபைலில் பாட்டின் நகல் இல்லை. ஆனால் அதையே டிக்கெட் போட்டு ஹாலில் ஓட்டினால் பாட்டுக்கு லைசென்ஸ் வேண்டும்.