அஸ்தம்பட்டி வீடு (குடும்பக் குழு)

டிசம்பர் 16

பெரிய மாமா, காலை 6:10
அப்பா இல்லாமல் வருகிற முதல் விஜய் திவஸ், 1971 போரில் பாகிஸ்தானை நம் ராணுவம் வென்ற நாள். அவரைப் பற்றி யாருக்கு என்ன நினைவு இருந்தாலும் இங்கே எழுதுங்கள். சாயங்காலம் அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

சின்னம்மா, 6:24
எனக்கு அந்த இன்லேண்ட் லெட்டர்தான் அண்ணா. அனுப்புநர் முகவரியில் ‘56 ஏ.பி.ஓ.’ என்று ராணுவத் தபால் நிலைய எண் மட்டும் இருக்கும். எந்த ஊர், எந்த மலை, ஒன்றும் தெரியாது. மடிக்கிற ஓரத்தில் எனக்கென்று ஒரு கணக்கு எழுதியிருப்பார். விடையை நான் பதில் கடிதத்தில் எழுதணும். தப்பாக இருந்தால் திட்ட மாட்டார், அடுத்த லெட்டரில் அதே கணக்கு திரும்ப வரும்!

நான், 6:31
மாமா, 1971 பற்றி அப்புச்சி எங்களிடம் ஒரு வார்த்தை கூடச் சொன்னதில்லை. அவர் எங்கே இருந்தார்?

பெரிய மாமா, 6:52
எங்களிடமும் சொன்னதில்லை. அவர் கூட வேலை பார்த்தவர்கள் சொல்லித்தான் தெரியும். பரங்கிமலையில் ராணுவ அதிகாரிப் பயிற்சி முடித்து மதராஸ் சாப்பர்ஸில், அதாவது ராணுவப் பொறியாளர் படையில், சேர்ந்தவர். சண்டை வந்தபோது பாகிஸ்தானில் ஷகர்கர் பக்கம், பசந்தர் ஆறு. கரை நெடுக கண்ணிவெடி. டிசம்பர் 15 ராத்திரி அதை எடுத்து டாங்கி போக வழி பண்ணிய வேலை சாப்பர்ஸுடையது. குப்புறப் படுத்து, கம்பியைச் சாய்வாக மண்ணில் குத்திக் குத்திப் பார்க்கணும். நேராகக் குத்தினால் வெடித்துவிடும். பார்த்து முடித்த இடத்துக்கு இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போவார்கள். வழி முழுசாக முடிவதற்குள் நம் பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் டாங்கிகள் இறங்கிவிட்டன, அவ்வளவு அவசரம். மறுநாள் அங்கேதான் அந்தப் படைப்பிரிவின் அருண் கேத்ரபால் சண்டையில் உயிர்விட்டார். 21 வயசு. போரில் காட்டும் வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். அந்தப் பையனின் படம் பேப்பரில் வந்தால் அப்பா வெட்டி எடுத்து வைத்துக்கொள்வார்.

ஏற்காடு அண்ணன் (தோட்டம்), 7:15
ஐயா வணக்கம். வெள்ளை நாடா என்று படித்ததும் கை நின்றுவிட்டது. மழைக்காலத்தில் பிள்ளைகள் மலைக்கு வருவதாக இருந்தால் பெரிய ஐயா முந்தின நாளே வந்துவிடுவார். காப்பிச் செடி நடுவே தடியால் தட்டிக்கொண்டு தனியாக நடப்பார். பாறை வழுக்குகிற இடம், பாம்புப் புற்று இருக்கிற இடம் எல்லாம் விட்டு, பிள்ளைகள் நடக்கிற பாதைக்கு மட்டும் சில்வர் ஓக் மரத்தில் வெள்ளைத் துணி கிழித்துக் கட்டுவார். ‘நான் கட்டட்டுமா’ என்று கேட்டால் ‘நான் பார்த்தது, நான்தான் கட்டணும்’ என்பார்.

மாமா மகள், 7:19
அந்தத் துணியை நாங்கள் அலங்காரம் என்று நினைத்தோமே அண்ணா. தாத்தா ஒன்றுமே சொல்லவில்லையே.

சின்னம்மா, 7:26
படித்துவிட்டு அழுகிறேன். எழுத முடியவில்லை.

பெரிய மாமா, 7:40
அந்தக் கறுப்பு டிரங்குப் பெட்டியும் அப்படித்தான். காரியம் முடிந்த மறுநாள் திறந்தேன். பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு) நகல், அதில் அம்மா பெயர் சேர்த்த கடிதம், கூட்டுக் கணக்குப் பாஸ்புக், இ.சி.எச்.எஸ். (முன்னாள் ராணுவத்தினர் மருத்துவத் திட்டம்) அட்டை, குடும்ப பென்ஷன் படிவம். கையெழுத்து போடணும் என்ற இடத்தில் எல்லாம் அம்மாவுக்காகப் பென்சிலில் புள்ளி. வங்கியில் இறப்புச் சான்றிதழைக் கொடுத்ததோடு சரி, அம்மாவை ஒரு நாள் கூட அலைய விடவில்லை. உங்கள் வீட்டிலும் இதைச் செய்து வையுங்கள், பிள்ளைகளே. கேட்டால் நான் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.

நான், 7:48
மாமா, அம்மாயி பக்கத்தில்தான் இருக்கிறார். சாயங்காலம் வரை பொறுக்கவில்லை, இப்போதே எல்லாவற்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “கல்யாணம் ஆன புதிதில் ராத்திரி தூக்கத்தில் கையை நீட்டித் தரையைத் தடவிப் பார்ப்பார். நான் கையைப் பிடித்துக்கொண்டால் தூங்கிவிடுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பிள்ளைகள் பிறந்த அப்புறம் அது குறைந்துவிட்டது.”

பெரிய மாமா, 7:55
இது எனக்குத் தெரியாது. அம்மாவிடம் இருடா, நான் இப்போதே கிளம்பி வருகிறேன்.

ஏற்காடு அண்ணன் (தோட்டம்), 8:02
ஐயா, பழம் பறிப்பு நடந்துகொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

மாமா மகள், 8:04
நான் வேன் பேசுகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவு, ஆத்தாவுக்கு முன் சீட்.