புதுப்பிப்பு: ஹை-ரெஸ் பிளேயர் (சிடியை விட நுணுக்கமான தரத்துலயும் பாட்டு போடற குட்டிக் கருவி), மூணு மாசத்துக்கு அப்புறம்

போன தடவை புலம்பியிருந்தேனே, பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இயர்போன்ல 'உஸ்ஸ்'னு ஒரு இரைச்சல், இதுக்கா இவ்வளவு காசுன்னு. இரைச்சல் போயிடுச்சு. தப்பு என்னோடதுதான். வாங்கின ஜோர்ல கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கற அளவை, 'ஹை'ல வச்சிருந்தேன். அது மின்தடை ஜாஸ்தியான 300 ஓம் ஹெட்ஃபோன் மாதிரி ஆசாமிகளுக்கு. என் இயர்போன் வெறும் 16 ஓம், சென்சிடிவிட்டியும் ஜாஸ்தி, சின்ன சிக்னலுக்கே சத்தம் போடும். 'லோ'வுக்கு மாத்தினேன். இப்போ ராத்திரி விளக்கணைச்சுட்டுக் கேட்டா, ஆலாபனைக்கு நடுவுல பாடகர் மூச்சு இழுக்கறதும், பின்னாடி தம்புரா அடங்கறதும் தனித்தனியா கேக்குது.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்ங்கற ஹை-ரெஸ் தரம் சிடியை விட உசத்தின்னு பேசினேனே, அந்த விஷயத்துல என் வாயை நானே அடக்கிக்கறேன். தம்பியை விட்டு, எதுன்னு சொல்லாம, அதே பாட்டை சிடி தரத்துலயும் போடச் சொன்னேன். எது எதுன்னு நான் சொன்னதுல பத்துக்கு அஞ்சு சரி. காசு சுண்டிப் போட்டிருக்கலாம்! அஞ்சு நிமிஷ ஹை-ரெஸ் பாட்டு, தரம் குறையாம சுருக்கற ஃப்ளாக் ஃபைல்லயே 100 எம்பி கிட்ட வருது, மெமரி கார்டுதான் அழுவுது. இனி சிடி தரமான 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் போதும். நல்லா பதிவு பண்ணின பாட்டுதான் முக்கியம்.

ப்ளூடூத்? அதுல உசத்தி தரம்னு சொல்ற எல்டாக் முறையே அதிகபட்சம் நொடிக்கு 990 கிலோபிட்தான் அனுப்பும், சிடிக்கு 1,411 வேணும். ஆனாலும் தாம்பரம் லோக்கல்ல, காலை எட்டரை மணிக் கூட்டத்துல, அந்த வித்தியாசத்தை யார் கேட்டா? அங்க ப்ளூடூத்தான். இயர்போன் ஒயர் போன வாரம் யாரோட பை ஜிப்புலயோ மாட்டி, பிளேயரே அவரோட இறங்கப் பார்த்துச்சு.