டிடிஎஸ் (தண்ணில கரைஞ்ச உப்பு அளவு) 2தான் காட்டுது, ஆனா பழுப்புப் படலம் போக மாட்டேங்குது (தருமபுரி, 3 அடி கடல் தொட்டி)

பாலக்கோடு உப்புத்தொட்டி:
தொட்டி 3 × 1½ × 1½ அடி, உள்ளே நிக்கிற தண்ணி சுமார் 150 லிட்டர். 5 மாசம் ஆகுது. பவளம் கிடையாது. பொரிப்பகத்துல வளர்ந்த கிளவுன் மீன் ஒரு ஜோடி, செராமிக் கல், குவார்ட்ஸ் மணல், ஸ்கிம்மர் (நுரையில அழுக்கைப் பிரிக்கற கருவி).

ஒப்படர்த்தி (உப்பு அளவைக் காட்டறது) 1.025, வெப்பம் 27, கேஹெச் (காரத்தன்மை) 8.2, நைட்ரேட் 10, பாஸ்பேட் 0.05.

மணல், கண்ணாடி எல்லாம் பழுப்பாப் படியுது. துடைச்சா ரெண்டே நாள்ல திரும்ப வந்துடுது. லைட்டை 6 மணி நேரமாக் குறைச்சாச்சு, தீனியும் பாதியாக்கியாச்சு. போர் தண்ணி, டிடிஎஸ் 1100. வீட்டு ஆர்ஓ, அதுக்கப்புறம் ஒரு டிஐ ரெசின் குழாய் (மிச்சம் இருக்கற அயனியைப் பிடிக்கற மணிகள்). கடைசியா மீட்டர்ல 2. அதனால தண்ணி மேல சந்தேகம் இல்ல. ஒருவேளை ஃப்ளோரைடா இருக்குமா? நம்ம மாவட்டத் தண்ணியாச்சே.

ஓசூர் மீன்தொட்டி:
மணல்தான் ப்ரோ. குவார்ட்ஸ்னாலே சிலிக்கா. மொத்தமா அள்ளிப் போட்டுட்டு அரகோனைட் (சுண்ணாம்பு மணல்) போடுங்க.

காவேரிப்பட்டணம் கடல்நீர்:
மணலைத் தொடாதீங்க. குவார்ட்ஸ் தண்ணில கரையறது இல்லைன்னே சொல்லலாம். 5 மாச மணலை ஒரே நாள்ல கிளறி எடுத்தா அடியில உட்கார்ந்த அழுக்கு எழும்பி அம்மோனியா ஏறும். மீன் போயிடும்.

ஃப்ளோரைடையும் விடுங்க. கடல் தண்ணிலயே இயல்பா லிட்டருக்கு 1.3 மி.கி. இருக்கு. நம்ம பல்லுக்கும் எலும்புக்கும்தான் அது வில்லன், கிளவுனுக்கு இல்ல.

முதல்ல அது என்னன்னு பாருங்க. சிரிஞ்சுல கொஞ்சம் உறிஞ்சி சின்ன பாட்டில்ல விட்டு நல்லாக் குலுக்குங்க. டிஷ்யூ பேப்பர்ல வடிகட்டி, வடிஞ்ச தண்ணியை ஒரு மணி நேரம் லைட்டுக்கு அடியில வைங்க. திரும்ப நூல் நூலா ஒட்டிக்கிட்டா டைனோ (டைனோஃபிளாஜெல்லேட்டுங்கற நுண்ணுயிர்), அதுக்கு வைத்தியமே வேற. சயனோன்னா (நீலப்பச்சை பாக்டீரியா) மணல் மேல இருந்து பாய் மாதிரி உரிஞ்சு வரும். விரல்ல தொட்டா மாவு மாதிரி கலைஞ்சு பறந்தா டயட்டம்ங்கற நுண்பாசி.

பாலக்கோடு உப்புத்தொட்டி:
பார்த்துட்டேன் அண்ணா. ஒட்டவே இல்ல. மாவுதான், விரல்ல வழவழப்பு இல்ல, குமிழி எதுவும் இல்ல.

காவேரிப்பட்டணம் கடல்நீர்:
அப்போ டயட்டம். அதோட ஓடு சிலிக்காவால ஆனது. புதுத் தொட்டில முதல் ரெண்டு மாசம் வந்துட்டுத் தானாப் போயிடும். 5 மாசமாகியும் நிக்குதுன்னா எங்கிருந்தோ தினமும் சிலிக்கா வந்துட்டு இருக்கு. நம்ம ரெண்டு மாவட்டமும் (தருமபுரி, கிருஷ்ணகிரி) கிரானைட்டும் நைஸ் பாறையும். போர் தண்ணி அதுல ஊறித்தான் வருது.

டிடிஎஸ் மீட்டர் இதைக் காட்டாது. மீட்டர் அளக்கறது மின்சாரம் எவ்வளவு கடக்குதுங்கறதைத்தான். கரைஞ்ச சிலிக்கா நடுநிலைத் தண்ணில மின்னேற்றம் இல்லாம கிடக்கும், மீட்டருக்கு அது இருக்கறதே தெரியாது. ரெசினும் அதை இறுக்கமாப் பிடிக்காது. ரெசின் நிறைய ஆரம்பிச்சா மத்த அயனி வந்து தள்ளி விட்டுடும், முதல்ல வெளிய வர்றதே சிலிக்காதான். மீட்டர் 2 காட்டும்போதே ஓடிட்டு இருக்கும். சிலிகேட் கிட் வாங்கி ஆர்ஓ தண்ணியையும் டிஐ தண்ணியையும் தனித்தனியாப் பாருங்க. வெயிலுக்கு ஃபேன் வச்சிருக்கீங்களா? தினமும் எவ்வளவு தண்ணி குறையுது?

பாலக்கோடு உப்புத்தொட்டி:
ஃபேன் இருக்கு, தினம் 3 லிட்டர் ஊத்தறேன். கிட்ல ஆர்ஓ 2 பிபிஎம், டிஐயும் 2!

காவேரிப்பட்டணம் கடல்நீர்:
கணக்கு போடுங்க. ஆவியாகிப் போறது வெறும் தண்ணி, சிலிக்கா தொட்டிலயே தங்கிடும். மாசம் 90 லிட்டர், லிட்டருக்கு 2 மி.கி., ஆக 180 மி.கி. 150 லிட்டர்ல அது 1.2 பிபிஎம். ஒவ்வொரு மாசமும் டயட்டத்துக்கு நீங்களே தீனி போடறீங்க. நம்ம வறண்ட காத்துல ஃபேன் நல்லாக் குளிர்விக்கும், சென்னைல இந்த அளவுக்கு எடுபடாது. ஆனா அதுக்கு விலை இந்த 3 லிட்டர்.

செய்ய வேண்டியது: வீட்டு ஆர்ஓல டிடிஎஸ் அட்ஜஸ்டர் இருந்தா முழுசா மூடுங்க, அது சுத்திகரிக்காத போர் தண்ணியைத் திரும்பக் கலக்கற வால்வு. மினரல் கேட்ரிட்ஜுக்கு முன்னாடியே டியூப் பிரிச்சு எடுங்க. ஆர்ஓ போட்டதும் வர்ற முதல் ஒண்ணு ரெண்டு லிட்டர் டிடிஎஸ் கூட இருக்கும், அதைக் குடத்துல பிடிச்சுக்கோங்க, ரெசினுக்கு விடாதீங்க.

ரெசின் சீக்கிரம் தீரறதுக்கு இன்னொரு காரணம் கார்பன் டை ஆக்சைடு. போர் தண்ணில நிறைய இருக்கும், மெம்பரேன் அதைத் தடுக்காது, நேரா வந்து ரெசினைத் தின்னுடும். ஆர்ஓ தண்ணியை ட்ரம்ல பிடிச்சு ராத்திரி முழுக்க ஏர் ஸ்டோன் ஓட விட்டு, காலையில சின்ன பம்ப் வச்சு டிஐல ஏத்துங்க. குழாய் நெட்டா நிக்கணும், தண்ணி கீழ இருந்து மேல போகணும், ரெசின் தட்டித் தட்டி இறுக்கமா நிரம்பியிருக்கணும். இடம் விட்டா தண்ணி சந்துல புகுந்து போயிடும். ரெண்டு குழாய் வரிசையா வைங்க. முதல் குழாய்ல முக்கால் வாசி ரெசின் நிறம் மாறினதும் தூக்கிட்டு, ரெண்டாவதை முன்னாடி கொண்டு வாங்க, புதுசு பின்னாடி.

ஓசூர் மீன்தொட்டி:
சரிதான், மணல் பத்தி தப்பாச் சொல்லிட்டேன். லைவ் ராக் (நுண்ணுயிர் ஒட்டியிருக்கற கடல் கல்) போட்டா சீக்கிரம் சமநிலை ஆகாதா? ராமேஸ்வரம் பக்கம் கிடைக்குதுங்கறாங்க.

காவேரிப்பட்டணம் கடல்நீர்:
வேண்டவே வேண்டாம். அது பவளக்கல். பாறை கட்டுற பவளம் எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை, புலிக்கு இருக்கற அதே இடம். செத்த துண்டுக்கும் பொருந்தும். மன்னார் வளைகுடால தீவுகளைச் சுத்தி 1986ல இருந்து தேசியப் பூங்கா. செராமிக் கல்லு மெதுவாத்தான் பழகும், பழகட்டும்.

பாலக்கோடு உப்புத்தொட்டி:
இப்ப தொட்டில இருக்கற சிலிக்காவை எப்படி எடுக்கறது? ஆர்ஓ கழிவுத் தண்ணியை என்ன பண்றது, 1 லிட்டருக்கு 3 லிட்டர் போகுது.

காவேரிப்பட்டணம் கடல்நீர்:
புது ரெசின் தண்ணி கிட்ல 0 காட்டின பிறகு வாரம் 30 லிட்டர் மாத்துங்க, நாலு வாரம். அதுக்கு முன்னாடி மாத்தினா வீண். ஒவ்வொரு தடவையும் உப்பு சுமார் 1.1 கிலோ போகும், ரிஃப்ராக்டோமீட்டர்ல (உப்பு அளக்கற கருவி) பார்த்து முடிவு பண்ணுங்க. கருவியை 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) திரவத்துல அளவு சரி பண்ணிக்கோங்க, வெறும் தண்ணில இல்ல. மாத்தறதுக்கு முன்னாடி படலத்தை டியூப்ல உறிஞ்சி வெளிய விடுங்க. கலைச்சு விட்டா செத்த ஓடு கரைஞ்சு சிலிக்கா திரும்பி வரும். ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டை உறிஞ்சற இரும்பு ஆக்சைடு மணிகள்) போட்டாலும் சிலிக்காவைப் பிடிக்கும், ஆனா உங்க பாஸ்பேட் 0.05தான், அதையும் சேர்த்துத் துடைச்சுட்டா டைனோவுக்கு வழி விட்ட மாதிரி. போடாதீங்க.

கழிவுத் தண்ணி பாத்ரூம், தரை துடைக்க. தென்னை தாங்கும், கறிவேப்பிலை தாங்காது. மாட்டுத் தொட்டில மட்டும் ஊத்திடாதீங்க, ஃப்ளோரைடு அதுல சேர்ந்து செறிவாகித்தான் வெளிய வருது.