புதுப்பிப்பு: அப்பா போன பிறகு ஜெபிக்க முடியாமல் இருந்த அம்மா

அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு ஜெபிக்க வார்த்தையே வரவில்லை, கர்த்தர் இவ்வளவு காலம் நடத்தி வந்ததை அம்மாவுக்கு எப்படி நினைவூட்டுவது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

உதவியது வேதாகமத்தின் சங்கீதம் 136. அதன் 26 வசனங்களிலும் 'அவர் கிருபை என்றுமுள்ளது' என்று வரும். இடையில் எகிப்து, செங்கடல், வனாந்தரம் என்று நடந்தவை வரும். அதேபோல உங்கள் வீட்டில் நடந்ததை வரிவரியாகச் சொல்லுங்கள் என்று எழுதிய அக்காவுக்குத்தான் பெரிய நன்றி. குடும்ப ஜெபத்தில் ஒருவர் வரி சொல்ல, மற்றவர்கள் மறுமொழி சொன்னோம். நன்றி சொல்ல வேண்டியவற்றை எழுதிவைக்கும் நன்றிக் குறிப்பேடு அம்மாவுக்குச் சரிவரவில்லை.

நான் எதிர்பாராதது ஒன்று. 1995இல் போரால் யாழ்ப்பாணத்திலிருந்து சனம் மொத்தமாக இடம்பெயர்ந்ததைப் பற்றி வாயே திறக்காத அம்மா, தானாக வரி சேர்த்தார்: மழையில் சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலம் கடந்தது, பாலத்துக்கு அப்பால் தென்மராட்சிப் பகுதியில் முன்பின் தெரியாதவர்கள் திண்ணையில் இடம் தந்தது, அப்பா எங்களைக் கைவிடாமல் கூட்டிவந்தது. எங்களுக்கு இதெல்லாம் புதிது. இப்போது இரவு ஜெபத்தை அவரே தொடங்குகிறார். அழுகை நிற்கவில்லை, அது நிற்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

பிறகு தேடி வருபவர்களுக்கு: துக்கம் பச்சையாக இருந்தால் முதலில் சங்கீதம் 77ஐ வாசியுங்கள். தேவன் இரங்க மறந்துவிட்டாரா என்று அதுவே கேட்கிறது. கர்த்தருடைய செயல்களை நினைவுகூருவது அதற்குப் பிறகு, 11ஆம் வசனத்தில்தான் வருகிறது. அப்படிக் கேட்கலாம் என்பதே அம்மாவுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.