வயதான ஆண் கினிப் பன்றிக்குப் பின்பக்கம் அடைத்துக்கொள்கிறது, வீட்டிலேயே சுத்தம் செய்யலாமா?

கேள்வி:
எங்கள் கினிப் பன்றி ஆண், நான்கரை வயது. இரண்டு வாரமாகவே கூண்டுப் பக்கம் போனால் ஒரு அழுகல் நாற்றம், விரிப்புத் துணியைத் தினமும் மாற்றியும் போகவில்லை. நேற்று மடியில் வைத்துப் புரட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஆசனவாயை ஒட்டிய மடிப்புக்குள் நெல்லிக்காய் அளவுக்குப் புழுக்கை பிசுபிசுவென்று திரண்டு நிற்கிறது. கூண்டில் கெட்டிப் புழுக்கையும் கிடக்கிறது, தீனியும் எடுக்கிறான். இது மலச்சிக்கலா? விளக்கெண்ணெய் கொடுக்கலாமா? தொட்டால் வலிக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பதில் 1:
விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம். இது மலச்சிக்கல் இல்லை. கினிப் பன்றி இரண்டு விதமாகப் புழுக்கை போடும். மென்மையான வகையை அது குனிந்து நேராக வாயால் எடுத்துத் தின்றுவிடும், பி வகை வைட்டமின்கள் அதில்தான் கிடைக்கின்றன. வயதான ஆண்களுக்கு அந்த இடத்துத் தசை தளர்ந்துவிடுவதால் மென்மையானது வெளியே வராமல் மடிப்பிலேயே தங்கிவிடுகிறது, கெட்டியானது மட்டும் விழுகிறது.

எங்களவனுக்கு ஒன்றரை வருடம் இதைச் செய்தேன். மடியில் துண்டு விரித்து, ஒருவர் பிடித்துக்கொள்ள, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் ஒற்றி வைத்து ஊறவிடுங்கள். அப்புறம் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் சில சொட்டு ஓரத்தில் விட்டு, உருண்டைக்குப் பின்னால் வெளியிலிருந்து விரல்களால் மெதுவாக அழுத்தினால் வழுக்கிக்கொண்டு வரும். காய்ந்திருக்கும்போது பிடித்து இழுத்தால் தோல் கிழியும். இது குணமாகிற விஷயம் இல்லை, சிலருக்கு வாரம் இருமுறை, சிலருக்குத் தினமும் தேவைப்படும். முதல் தடவை மட்டும் முயல், கினிப் பன்றி பார்த்துப் பழகிய டாக்டரிடம் செய்து காட்டச் சொல்லுங்கள், கை பழகிவிடும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. கூடவே ஆணுறுப்பின் உறையையும் பாருங்கள், வைக்கோல் துணுக்கு, முடி எல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும். வால் எலும்புக்கு மேலே இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியும் பிசுபிசுப்பாகும்; கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டுத் துடைத்தால் போய்விடும். முழுக் குளியல் வேண்டாம், பின்பக்கம் கழுவினால் நன்றாகத் துவட்டிவிடுங்கள். ஈ மொய்க்கும் காலத்தில் அழுக்கோடு விட்டால் புழு வைத்துவிடும், அது உயிரையே எடுக்கும்.

புல்லைக் குறைக்காதீர்கள், நாள் முழுக்க முன்னால் இருக்கட்டும். வைட்டமின் சி அதன் உடம்பில் தானாக உண்டாகாது, அதனால் குடைமிளகாய் தினமும் ஒரு துண்டு. சமையல் தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதி வையுங்கள். தீனியை நிறுத்திவிட்டால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ரத்தம், வீக்கம் தெரிந்தாலும் அப்படித்தான். டாக்டர் எழுதித் தராமல் ஆன்டிபயாடிக் எதுவும் கொடுக்காதீர்கள், வாய்வழியாகக் கொடுக்கும் அமாக்சிசிலின் இவற்றைக் கொன்றுவிடும்.

கேட்டவர்:
இன்று காலை டாக்டர் முன்னாலேயே செய்தோம். அவன் கத்தவே இல்லை, நான்தான் நடுங்கிக்கொண்டிருந்தேன். புதிதாக வந்த மென்மையான ஒன்றை வாயருகே நீட்டினேன், உடனே தின்றுவிட்டான். எடை 1,040 கிராம்.