லெஸ்டர் டைகர்ஸ் பயிற்சியாளர் விஷயம்: ரக்பி தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தில் லெஸ்டரில் வேலை பார்க்கிறேன். கிரிக்கெட்டைத் தவிர வேறெதுவும் தெரியாத எனக்கு, ஆபீஸ் முழுக்க உள்ளூர் ரக்பி அணியான டைகர்ஸ் பைத்தியம் என்பதால் ரக்பியும் தொற்றிக்கொண்டது.

ஒரு தொழில்முறை அணி தலைமைப் பயிற்சியாளரை எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறது? 2020-இல் ஸ்டீவ் போர்த்விக் வந்தபோது அணி அடிமட்டத்தில் கிடந்தது. 2022-இல் பிரீமியர்ஷிப் (இங்கிலாந்தின் முதன்மை ரக்பி லீக்) இறுதிப் போட்டியில் சாரசன்ஸ் அணியை 15-12 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கினார்கள். கடைசி நிமிடத்தில் ஃப்ரெடி பர்ன்ஸ் அடித்த டிராப் கோல் (பந்தைத் தரையில் விட்டு, அது எழும்பும்போது கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) இருக்கிறதே, இருபது தடவையாவது பார்த்திருப்பேன்! அந்த டிசம்பரிலேயே இங்கிலாந்து தேசிய அணி போர்த்விக்கைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அப்புறம் டான் மெக்கெல்லர் ஒரு சீசன், மைக்கேல் செய்க்கா ஒரு சீசன். செய்க்கா 2025 இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார். பாத் அணியிடம் 2 புள்ளியில் கோட்டை விட்டார்கள். அடுத்து வந்தவர் ஜெஃப் பார்லிங். டைகர்ஸின் முன்னாள் வீரர், ஆஸ்திரேலிய அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர்.

பக்கத்து மேசை நண்பர் சர்க்கரைப் பொட்டலங்களை வரிசையாக அடுக்கி, "லைன்அவுட் தெரிந்த நம்ம ஆள் பார்லிங்தான் சரி" என்று விளக்குகிறார். (லைன்அவுட் என்றால், கோட்டுக்கு வெளியே போன பந்தை உள்ளே எறியும்போது இரு அணியும் வரிசையாக நின்று பிடிக்கப் போட்டியிடுவது.) எனக்கென்னவோ, தலைமைப் பொறுப்பில் பழுத்த வெளியாள்தான் தேவலை என்று தோன்றுகிறது. பழைய வீரர் என்ற பாசம் பயிற்சிக்கு உதவுமா? தேசிய அணி உதவியாளருக்கு வாராவாரம் ஆடும் கிளப் வேலை ஒத்துவருமா?

வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் புண்ணியம். அன்றைக்குத்தான் கேன்டீனில் அடுத்த சண்டை.