காலை 11:40க்கே ஃப்ளோட், ராத்திரி 9:30க்கு லோ பேட்டரி: சார்ஜ் கன்ட்ரோலர் போயிடுச்சா?

கேள்வி

கிரிட் லைன் கிடையாது, முழுக்க சோலார்தான். 335 வாட் பேனல் 2 (72 செல், சீரியஸ்), 40 ஆம்ப் எம்பிபிடி கன்ட்ரோலர் (பேனலிலிருந்து அதிகபட்ச பவரை எடுக்கிற வகை, பேனல் பக்கம் அதிகபட்சம் 100 வோல்ட்), 12 வோல்ட் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி 2 சீரியஸ், ஆக 24 வோல்ட் சிஸ்டம். கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் நடுவே 5 மீட்டர், 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர். பிளஸ் பக்கம் ஒரு ஃபியூஸ் ஹோல்டர் இருக்கு.

காலை 9:30க்கு 19 ஆம்ப் ஏறுது, பேனல் வோல்டேஜ் 67, பேட்டரி வோல்டேஜ் 28.8னு டிஸ்ப்ளேயில் வருது. 11:40க்கு ஃப்ளோட்டுக்கு (பேட்டரி நிரம்பினதும் லேசா மட்டும் ஏத்துற கட்டம்) போய் 1 ஆம்புக்கு இறங்கிடுது. வெயில் கொளுத்தும்போதே இப்படி. அந்த நேரத்தில் பேனல் வோல்டேஜ் 83. ராத்திரி 7 மணிக்கு 200 வாட் லோடு போட்டா 9:30க்கு இன்வெர்ட்டர் லோ பேட்டரினு கத்துது. வந்து பார்த்தவர் கன்ட்ரோலர் போர்டு போச்சு, மாத்திடுங்கன்னு சொல்றார். மாத்துறதுக்கு முன்னாடி எதைச் சோதிக்கணும்? டிசி மல்டிமீட்டர் இருக்கு. கிளாம்ப் மீட்டர் ஏசி மட்டும்தான்.

பதில் 1

மாற்ற வேண்டாம், பொறுங்கள். நீங்கள் கொடுத்த எண்களிலேயே பாதி விடை இருக்கிறது.

ஃப்ளோட்டில் பேனல் வோல்டேஜ் 83. சூடான இரண்டு 72 செல் பேனலுக்கு அது ஏறத்தாழ ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் (கரண்ட் எடுக்காதபோது வரும் வோல்டேஜ்). அதாவது பேனல் கொடுக்கத் தயாராக நிற்கிறது, கன்ட்ரோலர்தான் போதும் என்று தள்ளி வைத்திருக்கிறது. பேனலிலோ அதன் வயரை இணைக்கும் எம்சி4 கனெக்டரிலோ கோளாறு என்றால் வேறு மாதிரி இருக்கும்: கன்ட்ரோலர் பல்க்கில் (கிடைக்கும் கரண்ட் முழுவதையும் ஏற்றும் முதல் கட்டம்) நிற்கும், பேனல் வோல்டேஜ் 60, 70 என்று கீழே கிடக்கும், ஆம்பும் வராது. உங்களுக்கு காலையில் 67 வோல்ட்டில் 19 ஆம்ப் வருகிறதே, 670 வாட் பேனலுக்கு அது நல்ல அளவு. பேனலையும் எம்பிபிடி வேலையையும் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

பேட்டரி நிரம்பிவிட்டது என்று அது ஏன் நினைக்கிறது என்பதுதான் கேள்வி. கன்ட்ரோலருக்குத் தெரிவது தன் டெர்மினலில் இருக்கும் வோல்டேஜ் மட்டுமே. அங்கே 28.8 தொட்டதும் அப்சார்ப்ஷன் (அதே வோல்டேஜில் நிறுத்தி நிரப்பும் கட்டம்) டைமர் ஓடத் தொடங்கும், பல மாடல்களில் 2 மணி நேரம். உங்கள் 9:30, 11:40 கணக்கு அதோடு ஒத்துப்போகிறது. பேட்டரி முனையில் அதே 28.8 இருக்கிறதா என்று பாருங்கள்.

சோதனை ஃப்ளோட்டில் பயன்படாது. 1 ஆம்பில் எந்த வயரும் நல்ல வயர்தான். காலை 15 ஆம்புக்கு மேல் ஓடும்போது, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து:

கன்ட்ரோலரின் பேட்டரி பிளஸ் ஸ்க்ரூவில் ஒரு முள், பேட்டரியின் ஈய முனையிலேயே இன்னொரு முள். லக்கின் (வயர் முனையில் உள்ள உலோக வளையம்) மேல் வைத்தால் லக்குக்கும் முனைக்கும் இடையே உள்ள பழுது தெரியாமல் போகும். வருகிற வோல்ட்தான் பிளஸ் பக்க இழப்பு. மைனஸ் பக்கமும் இதே மாதிரி. பிறகு கன்ட்ரோலர் டெர்மினலில் மீட்டர் காட்டுவதையும் டிஸ்ப்ளே காட்டுவதையும் ஒப்பிடுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அப்போது கன்ட்ரோலரைச் சந்தேகப்படலாம். ஆம்புக்கு டிஸ்ப்ளேயே போதும். மல்டிமீட்டரின் 10 ஆம்ப் துளையை மட்டும் இந்த லைனில் நுழைத்துவிடாதீர்கள்.

கேட்டவர்

காலை 18.5 ஆம்ப் ஓடும்போது எடுத்தேன். டிஸ்ப்ளே 28.8, டெர்மினலில் மீட்டர் 28.8. பேட்டரி முனைகளில் 27.5. பிளஸ் பக்க இழப்பு 0.87, மைனஸ் பக்கம் 0.43. ரெண்டும் ஒரே வயர், ஒரே நீளம், ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பதில் 2

மைனஸ் பக்கம் வந்தது வயரோட சொந்தக் கணக்கு. 4 ஸ்கொயர் காப்பர் மீட்டருக்கு சுமார் 4.6 மில்லி ஓம். 5 மீட்டருக்கு 23, அதை 18.5 ஆம்பால பெருக்கினா 0.43. அச்சு அசலா வந்திருக்கு. பிளஸ் பக்கமும் அவ்வளவுதான் வரணும், மிச்ச 0.44 வோல்ட் ஃபியூஸ் ஹோல்டர்லயோ அதோட லக்லயோ விழுது. அந்த ஒரு இடத்துல மட்டும் 8 வாட் சூடு. கையை வெச்சுப் பிடிச்சுக்கிட்டு இருக்க முடியாது, பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கும், லக் பக்கத்து இன்சுலேஷன் சுருங்கியிருக்கும். சந்தேகம்னா ஹோல்டரோட ரெண்டு முனைலயும் முள்ளை வெச்சுப் பாருங்க. இதை முதல்ல சரி பண்ணுங்க, சார்ஜ் விஷயம் அப்புறம். தீப்பிடிக்கிறது இந்த மாதிரி இடத்துலதான்.

பதில் 3

வயர் மாத்துற செலவே வேண்டாமே. செட்டிங்கில் அப்சார்ப்ஷனை 28.8லிருந்து 30.1 ஆக்கிட்டா பேட்டரிக்கு சரியா 28.8 போய்ச் சேருமே?

பதில் 1

அப்படிச் செய்யவே கூடாது. இழப்பு 1.3 என்பது 18.5 ஆம்பில் மட்டும். பேட்டரி நிரம்ப நிரம்ப ஆம்ப் குறையும், இழப்பும் கூடவே குறையும். 2 ஆம்புக்கு வந்ததும் இழப்பு 0.14தான், பேட்டரிக்கு கிட்டத்தட்ட 30 வோல்ட் போகும், அதுவும் தினமும். தண்ணீர் வாயுவாகப் பிரிந்து வற்றிக்கொண்டே இருக்கும், பிளேட் கெடும். எவ்வளவு இழப்பு என்று கன்ட்ரோலருக்குச் சொல்ல தனி சென்ஸ் வயர் போடும் வசதி சில மாடல்களில் உண்டு. இருந்தாலும் 8 வாட் சூட்டை அது குறைக்காது.

பதில் 2

செய்ய வேண்டியது இது. முடிஞ்சா கன்ட்ரோலரை பேட்டரியிலிருந்து 2 மீட்டருக்குள்ள கொண்டு வாங்க, ஆனா பேட்டரிக்கு நேர் மேலே வேண்டாம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜனும் ஆசிட் புகையும் வரும், போர்டு அரிச்சுப்போகும். தூரம் மாத்த முடியலைன்னா 16 ஸ்கொயர் வயர் போடுங்க, மீட்டருக்கு 1.15 மில்லி ஓம். போக வர 10 மீட்டர், 20 ஆம்புக்கு 0.23 வோல்ட். 24 வோல்ட்டுக்கு அது 1 சதவீதத்துக்குள்ள, கவலையில்லை. பேனல் பக்க வயரைத் தொட வேண்டாம், அங்க 67 வோல்ட்டுல ஆம்ப் 9க்குள்ளதான்.

ஃபியூஸ் 50 ஆம்ப், டிசிக்கானது, பேட்டரி பிளஸ்ஸுக்குப் பக்கத்துலயே. ஏசி எம்சிபியை (வீட்டு ட்ரிப் ஸ்விட்ச்) இங்க போடாதீங்க, டிசி ஆர்க்கை (சர்க்யூட் துண்டிக்கும்போது வர்ற தீப்பொறி) அது அணைக்காது. வயர் முனைக்கு ஃபெர்ரூல் (இழைகளைச் சேர்த்து நசுக்கிப் பிடிக்கிற சின்னக் குழாய்) போட்டு ஸ்க்ரூவுக்குள்ள விடுங்க. ஈயம் பத்த வெச்சு முறுக்கிடாதீங்க. ஸ்க்ரூ அழுத்தத்துல ஈயம் மெல்ல நகர்ந்து தளர்ந்துடும், மறுபடி இதே சூடு. ஒரு வாரம் கழிச்சு எல்லா ஸ்க்ரூவையும் திரும்ப இறுக்கணும்.

வரிசை முக்கியம்: முதல்ல பேனலை டிசி ஐசோலேட்டர்ல ஆஃப், பிறகு இன்வெர்ட்டர், கடைசியா பேட்டரி. மாட்டும்போது பேட்டரி முதல்ல, பேனல் கடைசில. பேட்டரி இல்லாம பேனல் மட்டும் வந்தா சில கன்ட்ரோலர் அந்த இடத்துலயே போயிடும். மாட்டினதும் டிஸ்ப்ளே 24 வோல்ட்னு அடையாளம் கண்டிருக்கான்னு பாருங்க. பேட்டரி ரொம்ப இறங்கிக் கிடந்தா ஆட்டோ டிடெக்ட் 12 வோல்ட்னு தப்பா எடுக்கும். கையால 24ஐ லாக் பண்ணிடுறது நல்லது. எம்சி4ஐ வெயில்ல, கரண்ட் ஓடும்போது பிடுங்காதீங்க.

பதில் 1

வயர் மாற்றியதும் எல்லாம் உடனே சரியாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். 200 வாட், இரண்டரை மணி நேரம் என்றால் 500 வாட்-அவர்தான். உங்கள் பேட்டரியின் கொள்ளளவு 3600. இவ்வளவு காலம் அரைகுறையாக சார்ஜ் ஆனதில் பிளேட்டில் சல்ஃபேட் படிந்திருக்கும். 9:30க்கே 28.8 தொடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்சார்ப்ஷன் நேரத்தை 4 மணி ஆக்குங்கள். டெயில் கரண்ட் (இந்த அளவுக்குக் கரண்ட் குறைந்ததும் அப்சார்ப்ஷனை முடிக்கும்) செட்டிங் இருந்தால் 2 அல்லது 3 ஆம்ப் கொடுங்கள், அது டைமரைவிட நம்பகமானது. பேட்டரி வகை சீல்டு, ஜெல் என்று கிடந்தால் ஃப்ளடெட் (தண்ணீர் ஊற்றும் வகை) ஆக்குங்கள். டெம்பரேச்சர் சென்சார் பேட்டரி மேல் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். கன்ட்ரோலருக்குள் இருக்கும் சென்சாரை மட்டும் நம்பினால், அது பேட்டரியைவிட 20 டிகிரி கூடுதல் சூட்டில் இருக்கும்போது, செல்லுக்கு டிகிரிக்கு 4 மில்லிவோல்ட் வீதம் 12 செல்லுக்கு 0.96 வோல்ட் குறைத்துவிடும்.

பிறகு ஈக்வலைசேஷன், அதாவது எல்லா செல்லையும் சமமாக்க வழக்கத்தைவிடக் கூடுதல் வோல்டேஜில் கொடுக்கும் சார்ஜ். அளவு பேட்டரி கம்பெனி தாளில் இருக்கும், செல்லுக்கு 2.5 வோல்ட், ஆக 30 வோல்ட் சுற்றி. இன்வெர்ட்டரைக் கழற்றிவிடுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும், கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். பிளேட் வெளியே தெரிந்தால் மூடும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர், மீதி சார்ஜ் முடிந்த பிறகு. ஹைட்ரோமீட்டரில் (ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவி) 12 செல்லையும் மணிக்கு ஒருமுறை குறித்துக்கொண்டே வாருங்கள். தொடர்ந்து மூன்று அளவு மாறவில்லை என்றால் நிறுத்தலாம்.

கேட்டவர்

16 ஸ்கொயர் வயர், புது ஃபியூஸ் ஹோல்டர் போட்டாச்சு. பழைய ஹோல்டரில் ஒரு பக்கம் கறுத்து உருகியே இருந்தது. இப்போ 19 ஆம்பில் மொத்த இழப்பு 0.24. ஈக்வலைசேஷனுக்குப் பிறகு 11 செல் 1.235லிருந்து 1.245க்குள். இரண்டாவது பேட்டரியில் ஒரு செல் மட்டும் 1.185லேயே நிக்குது. ராத்திரி 11:30 வரை தாங்குது.

பதில் 2

அந்த செல்லுக்கு இன்னொரு ஈக்வலைசேஷன் கொடுங்க, ஒரு வாரம் விட்டு. அப்பவும் மத்ததைவிட 30 பாயின்ட்டுக்கு (அதாவது 0.030) மேல கீழயே இருந்தா செல் போச்சு. அதுல ஆசிட் ஊத்தி அளவை ஏத்தாதீங்க, ஹைட்ரோமீட்டர்தான் ஏமாறும். ராத்திரி லோடுல ரெண்டு பேட்டரியையும் தனித்தனியா அளந்து பாருங்க. ஒண்ணு 12.2, இன்னொண்ணு 11.3னு வந்தா இன்வெர்ட்டர் கட் ஆகுறது அந்த ஒண்ணாலதான். மாத்தணும்னா ரெண்டையும் சேர்த்து மாத்துங்க. பழசோட புதுசை சீரியஸ்ல போட்டா பழசு முதல்ல வறண்டு, புதுசும் நிரம்பாமலே கிடக்கும்.

பதில் 1

இன்னொன்று, குளிர் இடமாக இருந்தால் மட்டும். உங்கள் பேனல் தாளில் ஓப்பன் சர்க்யூட் 46 வோல்ட் போட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து 92. அது 25 டிகிரியில். விடியற்காலை 5 டிகிரிக்கு இறங்கினால் சுமார் 6 சதவீதம் கூடி 97.5. கன்ட்ரோலர் எல்லை 100. பூஜ்ஜியத்துக்கும் சில டிகிரி கீழே குளிரும் இடத்தில் இந்த மாடல் தாங்காது, 150 வோல்ட் கன்ட்ரோலர்தான் வேண்டும்.